ஆச்சுக்காரர்

சபையில் அவரை ஆச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். போதகரே ஒருமுறை ஜெப அறிவிப்பு வாசிக்கும்போது, "நம்ம ஆச்சுக்காரர் ஐயாவுக்குக் காய்ச்சல்" என்று வாசித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சரியான பெயரைத்தானே சொல்கிறார் என்று எல்லாரும் தலைகுனிந்து ஜெபித்தார்கள்.

பெயர் வந்த கதை இதுதான். புத்தாண்டுக் காலை ஆராதனையில் குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து அந்த ஆண்டுக்கான தீர்மானத்தைச் சொல்வது அந்தச் சபையின் வழக்கம். இது பல சபைகளில் இருப்பதுதான். ஆனால் இந்தச் சபையை ஆரம்பித்த பழைய போதகர் விவரமான மனிதர். கர்த்தருடைய சந்நிதியில் கையை உயர்த்தி வாக்குக் கொடுத்துவிட்டு, காலண்டரில் இரண்டாவது தாளைக் கிழிப்பதற்குள் அதை மறந்துபோகிற மந்தையை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதனால் கூடவே இன்னொரு ஒழுங்கும் போட்டுவிட்டார். போன ஆண்டுத் தீர்மானம் நிறைவேறியதா இல்லையா என்று முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் புதியது.

அந்த ஒழுங்கு வந்த பிறகு புத்தாண்டு ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்கள் அதிகமானார்கள். பெரும்பாலோர் எடுக்கும் தீர்மானம் வேதாகமத்தை ஒருமுறை முழுவதும் வாசிப்பது. ஆதியாகமத்தில் ஜோராகக் கிளம்புவார்கள், யாத்திராகமத்தில் கடலையும் கடந்துவிடுவார்கள், பலிச் சட்டங்களாக அடுக்கிய லேவியராகமத்துக்கு வந்ததும் வண்டி படுத்துவிடும். அடுத்த புத்தாண்டில் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலைப் பளு, கண்வலி, மாமியார் வந்து தங்கியது என்று ஆரம்பிப்பார்கள். இவர் மட்டும் எழுந்து, "ஆச்சு" என்பார். ஒரே வார்த்தை. பிறகு புதுத் தீர்மானத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான முதல் புத்தாண்டிலிருந்து இதுதான் நடந்தது. ஒரு வருடம்கூட வேறு வார்த்தை வந்ததில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை எதிரும் புதிருமாக நின்று இழுத்து மடித்து மடித்து, இரண்டு கைகளும் கடப்பாரை மாதிரி உரமேறிப்போனவள். வேலையிடத்தில் அவள் வாய்க்கு மேற்பார்வையாளரே ஒதுங்கிப் போவார். சபையில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன். அவர்தான் சபையின் செயலாளர். குடும்பத்துக்கு உள்ள பேச்சையெல்லாம் அண்ணன் ஒருவரே மொத்தமாக வாங்கிக்கொண்டுவிட்டார்.

அந்த முதல் புத்தாண்டை அவளால் மறக்க முடியாது. அண்ணன் எழுந்து, "இந்த ஆண்டு நூறு ஆத்துமாக்களைக் கர்த்தரிடத்தில் நடத்துவேன்" என்று முழங்கினார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. அடுத்து புது மாப்பிள்ளை எழுந்தார். "பெண்கள் கழிவறையில குழாய் ஒழுகுது. இனிமே ஒழுகாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு அண்ணன் எழுந்து, கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை என்றார். குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. அவள் அதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

அவருடைய தீர்மானங்கள் எல்லாமே இந்த ரகம்தான். ஒரு வருடம், கிழிந்த பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒட்டித் தைப்பது. ஒரு வருடம், மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனையில் பார்க்க ஆளில்லாத நோயாளிகளிடம் ஞாயிறு மதியம் போய் உட்காருவது. ஒரு வருடம் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். அந்த வருடம் கஷ்டப்பட்டது அவரல்ல, அவள். புதுத் துணி உடுத்திக்கொண்டு ஆசையாகப் போய் எப்படி இருக்கு என்று கேட்டால், மனிதர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கலர் எடுபடல" என்பார். இந்த ஆண்டு சீக்கிரம் முடியட்டும் ஆண்டவரே என்று அவள் மனமுருகி ஜெபித்த ஆண்டு அது ஒன்றுதான்.

அவர் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. சின்ன வயதில் தன் சொந்த அண்ணனோடு வேலை தேடி வந்தவர். அண்ணன் கட்டட வேலையில் உயரமான கிரேன் ஓட்டப் போனார், தம்பி லிஃப்ட் கம்பெனியில் உதவியாளராகச் சேர்ந்தார். இரண்டு பேருக்கும் தூக்கி இறக்குகிற வேலைதான் என்று அண்ணன் கேலி செய்வார். அந்த அண்ணனுக்கும் சபையில் பெயர் கிடையாது, கிரேன்தான். ஊரிலேயே உயரமான இடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர். முதுகுத்தண்டில் வந்த நோயால் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போய், தம்பி வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்தான் போனதே தவிர வாய் போகவில்லை.

சபை கூடுவது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கீழே மரச்சாமான் கடை, பக்கத்தில் வண்டி நிறுத்தவும் சரக்கு இறக்கவும் கூரை போட்ட பெரிய இடம், மேலே போக ஆளுக்கு ஆள் உரசிக்கொள்ளும் குறுகலான படிக்கட்டு. லிஃப்ட் ஒன்று உண்டு. அது நின்று எத்தனையோ காலமாகி, துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையாக மாறியிருந்தது. கிரேன் படுத்த புதிதில் நாலு இளவட்டங்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இரண்டாவது திருப்பத்தில் ஒருவனுக்குக் கை நழுவியது. சுவரில் மோதித் தோளில் அடிபட்டது பெரிதில்லை. பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த சபை மொத்தமும் அவர் சரிந்து கிடந்ததைப் பார்த்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "கீழ கடையில இருந்து தூக்கிட்டு வர நான் என்ன அலமாரியா" என்று சொன்னவர், அதற்கப்புறம் வரவே இல்லை. ஆறு வருடமாயிற்று. அவரைப் போலவே மூட்டுவலியாலும் இருதயக் கோளாறாலும் படியேற முடியாமல் ஒவ்வொருவராக நின்றுபோனவர்கள் இன்னும் ஆறு பேர். அதில் ஒருவர், சபையின் பாடகர் குழுவையே உருவாக்கிய பாட்டு டீச்சர்.

தம்பி சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்கு வேதாகமத்தை முழுவதும் வாசித்துக் காட்டுவது என்று ஒரு ஆண்டு தீர்மானம் எடுத்து, லேவியராகமத்தையும் ஒரு அதிகாரம் விடாமல் வாசித்தார். "டேய், இன்னும் எத்தனை ஆடுடா பாக்கி?" என்று கிரேன் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஆனால் வீட்டில் வாசிப்பதும் சபையில் நாலு பேரோடு உட்கார்ந்து பாடுவதும் ஒன்றாகிவிடாது. ஞாயிறு காலையில் இவர்கள் கிளம்பும்போது கிரேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன புத்தாண்டில்தான் வினை வந்தது. ஆச்சுக்காரர் எழுந்து வழக்கம்போல் ஒற்றை வார்த்தையைச் சொன்னதும், கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த செயலாளர் சிரித்தார்.

"நம்ம மாப்பிள்ளையோட தீர்மானம் எல்லாமே ஸ்பேனர் வேலையாவே இருக்கு. இந்த வருஷமாவது ஆவிக்குரியதா ஒண்ணு எடுக்கலாமே."

கூட்டமும் சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் காதுமடல் சிவந்ததை மனைவி பார்த்தாள். மனிதர் கையில் வைத்திருந்த சின்னத் தீர்மானத்தை அப்படியே விழுங்கிவிட்டு, யோசிக்காமல் வாயை விட்டார்.

"அடுத்த புத்தாண்டுக்கு எங்கண்ணனையும் சேர்த்து, படியேற முடியாத ஏழு பேரும் இந்த ஹால்ல உட்கார்ந்திருப்பாங்க."

கூட்டத்தில் தலைகள் லிஃப்ட் இருந்த பக்கம் திரும்பின. பிறகுதான் அல்லேலூயா வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் சீண்டினா வாயைக் கொடுத்து மாட்டிக்கணுமா? செத்துப்போன லிஃப்டை யாரு எழுப்புறது?" அவர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முன்னறையில் கிரேன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவர் ஒன்றும் கேலி பேசவில்லை. மாறாக, "அது எந்த மாடல்டா?" என்று தம்பியிடம் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அது அவளுடைய தீர்மானமும் ஆகிவிட்டது.

அந்த ஆண்டு முழுக்க சனிக்கிழமை மதியங்கள் அந்தக் கட்டடத்துக்கே போயின. கடைக்காரரான கட்டட உரிமையாளரிடம் அனுமதி வாங்கினார். எங்கோ இடிக்கப்படும் ஒரு பழைய விடுதியில் அதே மாடல் லிஃப்ட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கம்பெனியின் சம்மதத்தோடு வேண்டிய பாகங்களைக் கழற்றி வந்தார். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில் புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அவற்றைக் காலி பண்ணச் சொல்லி அவள்தான் துடைப்பத்தோடு நின்றாள். டார்ச் பிடித்தாள், கழிவுத் துணி கொண்டுவந்து, லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளங்களின் பழைய மசகைத் துடைத்தாள், புதுக் கயிற்றைக் கப்பியில் ஏற்றும்போது அந்தச் சலவைக் கைகளால் அவருக்குச் சமமாக இழுத்தாள். வேலை முடிந்து இரண்டு பேரும் கரியும் எண்ணெயுமாகப் படியிறங்கி வரும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

ஆண்டு முடிகிற வாரத்தில் லிஃப்ட் ஓடியது. சபையே வந்து வேடிக்கை பார்த்தது. மணல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அது குலுங்காமல் மூன்றாவது மாடிக்குப் போய் நின்றபோது செயலாளர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கிரேனுக்குப் புதுச் சட்டை தைத்து வந்தது. காலர் கொஞ்சம் இறுக்கம் என்று அவர் மூன்று முறை சொன்னார். சட்டையைக் கழற்றத்தான் இல்லை.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. அதை அவர் ஆண்டின் கடைசி நாள் மதியம் வைத்துக்கொண்டார். கூட அவள் மட்டும்தான். லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்புத் தாடைகள் உண்டு. கயிறு அறுந்து கூண்டு கீழே பாய்ந்தால், அந்தத் தாடைகள் இரண்டும் தண்டவாளங்களைக் கவ்விப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்காக மணல் மூட்டைகளோடு கூண்டை இறங்கவிட்டு, மேலே இருந்து அவர் அந்தத் தாடைகளைக் கவ்வவைத்தார். தடாலென்று சத்தம் வந்தது. கீழே வந்து பார்த்தபோது கூண்டின் தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலது தாடை கவ்வியிருந்தது, இடது தாடை வழுக்கியிருந்தது. திரும்பவும் செய்து பார்த்தார். திரும்பவும் அப்படியே. தாடையின் பற்கள் உள்ளுக்குள் தேய்ந்திருந்தன. பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினால் ஒழிய ஒன்றும் செய்ய முடியாது.

அவர் மணல் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு யாரையும் ஏத்த முடியாது" என்றார்.

"ஓடுதுல்ல?" என்றாள் அவள்.

"ஓடுது."

"மாடிக்கு மாடி நிக்குதுல்ல?"

"நிக்குது."

"அப்புறம் என்னங்க?"

"விழுந்தா நிக்காது."

"புதுக் கயிறு எதுக்கு விழப்போகுது? நாளைக்கு ஒரு நாள். ஏழே பேர். ஒவ்வொருத்தரா ஏத்துங்க. உங்களையும் என்னையும் தவிர யாருக்கு இது தெரியும்? கர்த்தருக்காகத்தானே பண்றீங்க, அவரு காப்பாத்த மாட்டாரா?"

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கண்ணனை உள்ள உட்கார வச்சு மேல அனுப்பிட்டு, கீழ நின்னு நான் என்னன்னு ஜெபம் பண்றது? கயிறே கயிறே அறுந்துடாதேன்னா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆண்டு முழுக்க உழைத்தது, தன் அண்ணன் முகத்தில் ஒருநாள் கரி பூசலாம் என்று நினைத்தது, கிரேனின் புதுச் சட்டை எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவர் ஏழு பேருக்கும் தகவல் சொல்லிவிட்டார். அண்ணனிடம் நேரில் சொன்னார். கிரேன் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அவள் சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

ஆனால் செயலாளர் சும்மா இருப்பாரா? மாப்பிள்ளை ஒரு பயந்தாங்கொள்ளி, நேரில் நாலு பேர் சொன்னால் மசிந்துவிடுவார் என்று அவருக்கு நம்பிக்கை. எல்லாரும் வாங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏழு வீடுகளுக்கும் அவரே போன் பண்ணிவிட்டார். புத்தாண்டுக் காலையில் இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, லிஃப்ட் வாசலில் ஆறு பேரும் வந்து காத்திருந்தார்கள். பாட்டு டீச்சர் தலைக்கு மை பூசி, பழைய பாடகர் குழுப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதும், கிரேனையும் செயலாளரின் வண்டியே போய் ஏற்றிக்கொண்டு வந்தது.

"விசுவாசம் வேணும் மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார் செயலாளர். "நம்ம கண்ணு முன்னாடி ஓடின லிஃப்ட். சாவியைக் கொடுங்க."

"விசுவாசம் கர்த்தர் மேல இருக்கு மச்சான். இடது தாடை மேல இல்ல."

"எத்தனை லிஃப்டுல கயிறு அறுந்து நீங்க பார்த்திருக்கீங்க?"

"ஒண்ணுலயும் இல்ல."

"அப்ப?"

"அறுந்தா பிடிக்கணும்னுதான் அதை வச்சிருக்காங்க. பிடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏத்தினா, அது விசுவாசம் இல்ல, திமிர்."

கூட்டம் முணுமுணுத்தது. போதகர் இளவயதுக்காரர், வேதாகமத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அப்போது கிரேன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டேய். என் உயிரு, என் இஷ்டம். நான் ஏறுறேன். சாவியைக் கொடு."

"தரமாட்டேண்ணே."

"நான் கேக்கிறேன்டா."

"நீ கேட்டாலும் தரமாட்டேன்."

கிரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தம்பி சாவி இருந்த சட்டைப் பையின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

வேறு வழியில்லாமல் எல்லாரும் படியேறினார்கள். கீழே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கி ஒன்றை மட்டும் ஒயரோடு இறக்கி வைத்தார்கள். ஆராதனை ஆரம்பமானது. அவள் பாடவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. வாசிப்புக்கு எழுந்த ஒருவர் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எதற்கென்றே தெரியாமல் அவளுக்குத் தான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, குதி பார்க்கலாம், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சாத்தான் சொன்ன கதை. பிள்ளைகளுக்கு அவன் குரலில் பேசிக் காட்டுவதில் அவள் கெட்டிக்காரி. நேற்று மதியம் லிஃப்ட் வாசலில் நின்று தான் யாருடைய குரலில் பேசினோம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

தீர்மானங்களின் நேரம் வந்தது. இவர்கள் முறை வந்ததும் அவர் எழுந்தார். செயலாளருக்கும் மனசு கேட்கவில்லை போலும். அவரே எடுத்துக் கொடுத்தார்.

"லிஃப்ட் ரெடி ஆயிடுச்சு. ஏதோ ஒரு சின்ன வேலைதான் பாக்கி. ஆச்சுன்னே வச்சுக்கலாம் மாப்பிள்ளை, தப்பில்ல."

நிறைய பேர் தலையாட்டினார்கள். அந்த மனிதர்களுக்கும் அந்த வார்த்தையைக் கேட்டே பழகிவிட்டது. அவர் சரி என்று சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

"இல்ல மச்சான்" என்றார் அவர். "லிஃப்ட் ஓட்டுறேன்னு நான் சொல்லல. ஏழு பேர் இங்க உட்கார்ந்திருப்பாங்கன்னு சொன்னேன். அவங்க கீழ உட்கார்ந்திருக்காங்க. ஆகல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தலை குனிந்திருந்தது. அவளுக்கோ அதற்கு நேர்மாறாக நடந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் சொன்ன எந்த "ஆச்சு"வுக்கும் அவள் இப்படி நிமிர்ந்ததில்லை. நெஞ்சு முழுக்க ஒரு பெருமை வந்து அடைத்துக்கொண்டது. உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். எழுந்த பிறகுதான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்து நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டார் அவள் அண்ணன்.

"கீழ."

"ஆராதனை நடக்குதேம்மா."

"அங்க நடந்தா என்னண்ணே?" என்றாள். சபையில் அவள் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவங்க மேல வரணும், மேல வரணும்னு ஆறு வருஷமா ஜெபம் பண்றோம். நம்மில ஒருத்தருக்குமா கால் இல்ல?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் திருப்பத்துக்கு இறங்கும்போது பின்னால் இன்னொரு நாற்காலி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவர்தான் என்று தெரிந்தது. இரண்டாவது திருப்பத்தில், அன்றைக்குக் கிரேன் சரிந்து விழுந்த அதே இடத்தில், தடதடவென்று காலடிச் சத்தங்கள் பெருகின. நாற்காலிகள் இறங்கின, பெஞ்சுகள் இறங்கின, இசைக்கருவி ஒயர் தொங்கத் தொங்க இறங்கியது. பிரசங்க மேசையை ஒரு பக்கம் போதகரும் மறு பக்கம் செயலாளரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செயலாளருக்கு மூச்சு வாங்கியது. "பார்த்து, பார்த்து" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டு வந்தார். மொத்தச் சபையும் இடம் மாறி உட்கார, இரண்டு பாட்டுப் பாடும் நேரம்கூட ஆகவில்லை.

வண்டி நிறுத்தும் இடத்தில், சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே, ஏழு பேரும் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் நாற்காலியைப் பாட்டு டீச்சருக்குப் பக்கத்தில் போட்டாள். "இத்தனை நாள் எங்களுக்கு இது தோணவே இல்லியே டீச்சர்" என்றாள்.

"எனக்குத் தோணிச்சு" என்றார் டீச்சர். "கேட்டு வாங்குற மரியாதை எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, யாரும் கேட்காமலே பாட்டை எடுத்தார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை.

விட்ட இடத்திலிருந்து தீர்மானங்கள் தொடர்ந்தன. ஆச்சுக்காரர் எழுந்து, தாடையைக் கடைந்து மாட்டி லிஃப்டை முடிக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொன்னார். அதன் பிறகு போதகர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கிரேன் பக்கம் திரும்பினார். ஆறு வருடமாகச் சபையின் முன்னால் எதுவும் சொல்லாத மனிதர். காலையிலிருந்து தம்பியின் முகத்தைப் பார்க்காதவர்.

கிரேன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு தீர்மானம்" என்றார். "அந்த லிஃப்ட் முடிஞ்சதும் முதல் ஆளா நான் ஏறணும்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. இந்த ஊர்ல எத்தனையோ உயரம் நான் ஏறியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் யார் மாட்டின போல்ட்டோன்னு ஒரு பயம் அடிவயித்துல இருக்கும். இந்த லிஃப்டுல அது இருக்காது. நான் கெஞ்சிக் கேட்டும் என்னை ஏத்தாத கை செய்ற லிஃப்ட் இது. இதுல நான் கண்ணை மூடிட்டுப் போவேன்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, கைக்குட்டை இல்லாத பையில் கைக்குட்டையைத் தேடினார். பக்கத்தில் அவர் மனைவி தலையை நிமிர்த்தி, கூட்டத்தை ஒருமுறை முழுவதுமாகச் சுற்றிப் பார்த்தாள். அவர் தன் வீட்டுக்காரர் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் அதை எழுந்து நின்று ஒருதரம் சொல்ல வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.